ஆள் நிலைத்தால் கேஸும் மிச்சம்

பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் ஒரு சமையற்கூடம் நடத்துகிறேன். டொம்லூர், மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புவதுதான் தொழில். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் என்று நம் ஊர்ச் சாப்பாடு. ஓரிரு கம்பெனிகளுக்குக் காலையில் இட்லியும் பொங்கலும் போகும். சுற்றுச்சூழலையும் கெடுக்காமல், கையிலும் நாலு காசு நிற்கிற மாதிரி தொழிலை நடத்த என்ன வழி என்று இதே தொழிலில் இருப்பவர்கள் சிலர் கேட்பார்கள். சோலார் பேனலில் ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் கேட்பது, "உங்கள் மாஸ்டர் உங்களிடம் எத்தனை வருடமாக இருக்கிறார்?"

மக்கள், பூமி, லாபம் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற பேச்சை 1994-இல் தொடங்கி வைத்தவர் ஜான் எல்கிங்டன் என்ற பிரிட்டிஷ்காரர். 2018-இல் அவரே, கம்பெனிகள் இதை வெறும் கணக்கெழுதும் வேலையாக்கிவிட்டன, மறுபடி யோசிக்க வேண்டும் என்று எழுதினார். பெரிய கம்பெனிகளின் பாடு அப்படி. எங்களைப் போன்ற சின்ன இடத்தில் மூன்றும் ஒரே அடுப்படியில்தான் கிடக்கின்றன.

கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கை பழகிய மாஸ்டர் அண்டாவில் பருப்பும் தண்ணீரும் விழுந்த பிறகுதான் பர்னரைப் பற்ற வைப்பார். கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி போடுவார். புதிதாக வந்தவர் காலையில் நாலு பர்னரையும் பற்ற வைத்துவிட்டுக் காய் நறுக்கியாயிற்றா என்று பார்க்கப் போவார். கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறாது. ஆவிதான் அதிகமாகும், அடுப்படிதான் வேகும். இன்னொன்றும் உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் வேகிற நேரத்தில் இங்கே பருப்பு வேகாது. சென்னையிலிருந்து வரும் சமையற்காரர் கேஸ் பிரஷர் குறைவு என்று நினைத்து வால்வை இன்னும் திருகுவார். பருப்பை ஊற வைத்துப் பெரிய குக்கரில் ஏற்றுவதுதான் இதற்கு வழி. இதையெல்லாம் சுவரில் எழுதி ஒட்டலாம், ஒட்டியும் இருக்கிறோம். கை பழகச் சில மாதம் ஆகும். அதற்குள் ஆள் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

பெங்களூரில் சமையல் ஆள் மாறுவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். அடுத்த தெருவில் 2,000 ரூபாய் கூடக் கொடுத்தால் போதும். எங்களிடம் இருப்பவர்களில் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்தவர்களும், ஒடிசா, அஸ்ஸாம் பையன்களும் பாதிப் பாதி. சம்பளத்தில் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. வேறு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டோம். கேட்டவை எல்லாம் மிகச் சாதாரணமானவை. முதலாவது, சாப்பாட்டு நேரம். டெம்போ கிளம்பி, பாத்திரம் கழுவி முடித்து மூன்றரை மணிக்குத்தான் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அக்கா, ஊருக்கே சோறு போடறோம், நமக்கு ஆறின சோறு" என்றார் மாஸ்டர். இப்போது பத்தரை மணிக்கு, பேக்கிங் தொடங்குவதற்கு முன், எல்லோரும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறோம். உட்காரும் இடத்தில் ஃபேன். வேலை கால் மணி நேரம் நிற்கிறது. பதிலுக்கு, பதினொன்றரைக்கு மேல் நடக்கும் தவறுகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தன. ரசத்தில் இரண்டு முறை உப்புப் போடுவது, டெம்போ மாற்றி ஏற்றுவது எல்லாம் பசித்த வயிற்றின் வேலை.

இரண்டாவது, ஊருக்குப் போகும் விடுமுறை. ஒடிசாப் பையன்கள் ஊருக்குப் போனால் மூன்று நாளில் திரும்ப முடியாது, ரயிலிலேயே அவ்வளவு போய்விடும். லீவ் கிடைக்காது என்று தெரிந்தால் சொல்லாமல் போவார்கள், திரும்பியும் வர மாட்டார்கள். வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் யார் எந்த மாதம் என்று குறித்துவிட்டோம். திரும்பி வந்தால் வேலை அப்படியே இருக்கும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 10 பேர் வேலை செய்யும் இடமென்றால் கட்டாயம், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பொருந்தும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25 சதவீதம். பலர் இதைத் தண்டச் செலவாகப் பார்க்கிறார்கள், ஒன்பது பேரோடு கணக்கை நிறுத்துகிறார்கள். எண்ணெய்ச் சட்டிப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவருக்குக் கை சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்திராநகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை எங்களுக்குப் பக்கம். கார்டு கையில் இருப்பவர் அட்வான்ஸ் கேட்டு நம்மிடமோ வட்டிக்காரரிடமோ போய் நிற்பது குறைகிறது. அட்வான்ஸ் வாங்கியவர் கடன் தீரும் வரை இருப்பார், தீர்ந்ததும் போய்விடுவார். அப்படிக் கட்டி வைத்து ஆளை நிலைக்க வைக்க முடியாது.

ஆள் நிலைத்த பிறகுதான் கேஸ் போனஸ் போட்டோம். சமைத்த அரிசி, பருப்புக் கிலோவுக்கு எவ்வளவு கேஸ் செலவானது என்று மாதா மாதம் பார்ப்போம். சென்ற வருடத்தின் அதே மாதத்தைவிடக் குறைந்தால், மிச்சமான காசில் பாதி அடுப்படி ஆட்களுக்குச் சமமாகப் போகும். மொத்த சிலிண்டரை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். ஆர்டர் குறைந்த மாதம் சும்மாவே போனஸ் வரும், கூடிய மாதம் உழைத்தும் வராது. சாப்பாடு வேகவில்லை என்று அலுவலகத்திலிருந்து புகார் வந்தால் அந்த மாதம் போனஸ் கிடையாது என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கேஸ் மிச்சமாகும், சாம்பாரில் பருப்பு கடிபடும். போனஸ் வந்த பிறகு பர்னர் ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்யச் சொல்லி நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தீ மஞ்சளாக எரிந்து அண்டா அடியில் கரி பிடித்தால், பாத்திரம் கழுவும் அம்மாவே முதலில் சத்தம் போடுகிறார். கரி தேய்ப்பது அவர் கைதானே.

அடுத்து தராசு. குப்பைக்குப் போகும் உணவை மூன்று டிரம்மாகப் பிரித்தோம். காய் நறுக்கிய கழிவு ஒன்று, சமைத்து அனுப்பாமல் மிஞ்சியது ஒன்று, அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது ஒன்று. தினமும் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுவது மட்டும்தான் வேலை. எடையில் எப்போதும் முதல் டிரம்தான் கனம். காசில் அது ஒன்றுமில்லை. வாழைப்பூ மடலும் முட்டைக்கோஸ் தண்டும் பக்கத்தில் மாடு வளர்ப்பவரிடம் போகின்றன. மூன்றாவது டிரம்மில் இருக்கும் ஒரு கிலோ சோற்றில் அரிசி, தண்ணீர், கேஸ், மாஸ்டர் கூலி, டெம்போ டீசல் எல்லாம் ஏறியிருக்கிறது. எடையை மட்டும் பார்த்து முதல் டிரம்மைக் குறைக்கப் போனால் காலம் போகும், காசு மிஞ்சாது.

நோட்டைப் புரட்டினால் வெள்ளிக்கிழமை தனியாகத் தெரிந்தது. பெங்களூரு ஐடி அலுவலகங்களில் செவ்வாய், புதன், வியாழன் கூட்டம். திங்களும் வெள்ளியும் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை. ஆர்டர் மட்டும் ஐந்து நாளும் ஒரே எண்ணிக்கையில் வரும், ஏனென்றால் கம்பெனியில் அதைப் பார்க்கிற அட்மின் பெண்ணுக்கும் மறுநாள் யார் வருவார்கள் என்று தெரியாது. முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் எண்ணிக்கையை உறுதி செய்தால் சாப்பாட்டுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று சொன்னோம். அந்த இரண்டு ரூபாய்க்காக அவர்களே உள்ளுக்குள் ஒரு வாட்ஸப் வாக்கெடுப்பு வைத்துக்கொண்டார்கள்.

சோற்றை ஒரே லோடாக வடிப்பதையும் நிறுத்தினோம். முதல் லோடில் முக்கால் பங்கு, முதல் டெம்போ போய்ச் சேர்ந்து போன் வந்த பிறகு மீதி. சாம்பாரையும் ரசத்தையும் கடைசி நேரத்தில் நீட்டலாம். பொரியல் நீளாது. அதனால் வெள்ளிக்கிழமை மெனுவில் பொரியலைக் குறைத்து அப்பளமும் தயிர் சாதமும். அப்பளத்தைப் பத்து நிமிடத்தில் பொரித்துவிடலாம், பொரிக்காதது டப்பாவிலேயே இருக்கும். தினம் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போட்டால், திடக்கழிவு விதிகளின்படி நாம் பெருமளவு குப்பை உண்டாக்குபவர் ஆகிவிடுவோம், குப்பைக்கு நாமே வழி செய்ய வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது மாதச் செலவிலேயே தெரிகிறது. உலர்ந்த கழிவை வார்டில் இருக்கும் சேகரிப்பு மையத்துக்குக் கொடுக்கிறோம். இந்த ஊரில் ஹசிரு தளா போன்ற அமைப்புகள் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களைச் சேர்த்து இத்தகைய மையங்களை நடத்த வைத்திருக்கின்றன. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சுத்தமாகப் போனால் அவர்களுக்கும் காசு.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல 2024-க்குப் போக வேண்டும். அந்த மார்ச்சில் பெங்களூரில் போர்வெல்கள் வறண்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம், வணிக நிறுவனங்கள் குழாய்களில் ஏரேட்டர், அதாவது காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும் முனை, போட வேண்டும் என்றது. டேங்கர் விலையை மாவட்ட நிர்வாகம் நிர்ணயிக்க வேண்டிய அளவுக்குப் போயிற்று. 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். நகரத்துக்கு வரும் காவிரித் தண்ணீரோ தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. இரண்டு மாநிலமும் காவிரிக்காகச் சண்டை போடும்போது நடுவில் உட்கார்ந்து அதே தண்ணீரில் சாம்பார் வைக்கிற தமிழர்கள் நாங்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் வந்து நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதலாகக் கிடைக்க வழி செய்தது. ஆனாலும் ஏரேட்டரை நாங்கள் கழற்றவில்லை.

ஏரேட்டரைவிடப் பெரிய மிச்சம் கழுவும் முறையில் வந்தது. ஓடும் குழாயை விட்டுவிட்டு வரிசையாகத் தொட்டிகள் வைத்தோம். முதலில் ஒட்டியிருப்பதை வழித்துப் போடுவது, பிறகு சோப்புத் தொட்டி, அலசும் தொட்டி, கடைசியில் சுடுதண்ணீர். சுடுதண்ணீர்த் தொட்டியில் தெளிவாக இருக்கும் தண்ணீர் அடுத்த சுற்றுக்கு அலசும் தொட்டிக்குப் போகும், அலசிய தண்ணீர் சோப்புத் தொட்டிக்கு. சம்ப் நிரம்பும் இடைவெளி நீண்டது. டேங்கர் கூப்பிடும் வாரங்கள் குறைந்தன.

தண்ணீரைச் சொல்லாமல் எவர்சில்வர் டப்பாவைப் பற்றிப் பேசக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவை விட்டு எவர்சில்வருக்கு மாறுங்கள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன், ஸ்ட்ரா எல்லாம் நாடு முழுக்கத் தடை. ஆனால் சாப்பாடு பார்சல் வரும் அந்தக் கெட்டியான கறுப்பு டப்பா அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் தள்ளவில்லை, நாமாகத்தான் மாற வேண்டும். எங்கள் கணக்கு இப்படி. பிளாஸ்டிக்கில் ஒரு சாப்பாட்டுக்குப் பேக்கிங் செலவு பத்து ரூபாய் சுமார். எவர்சில்வர் செட் 300 ரூபாய், ஒவ்வொரு முறையும் கழுவத் தண்ணீர், சோப்பு, கூலி சேர்த்து மூன்று ரூபாய். அதாவது ஒரு முறைக்கு ஏழு ரூபாய் மிச்சம். நாற்பத்து மூன்று முறை போய்த் திரும்பினால் டப்பாவின் விலை வந்துவிடும், அது சுமார் இரண்டு மாத வேலை நாள். டெம்போ எப்படியும் காலியாகத்தான் திரும்புகிறது, திருப்பிக் கொண்டுவர டீசல் கூடுவதில்லை.

இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு உடையும். ஒன்று மூடி. டப்பா தொலையாது, மூடிதான் தொலையும். தனித்தனி ஆளிடம் டெபாசிட் வாங்காமல் கம்பெனியிடம் மொத்தமாக வாங்குங்கள். அப்போது ஹவுஸ்கீப்பிங் ஆட்களே எண்ணி வைப்பார்கள். இன்னொன்று தண்ணீர். கழுவும் முறையைச் சரி செய்யாமல் எவர்சில்வருக்கு மாறினால் கோடையில் டேங்கர் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். நூறு பேருக்கு மேல் சாப்பிடும் அலுவலகம் என்றால் தனி டப்பாவே வேண்டாம். பெரிய ஹாட் பாக்ஸில் அனுப்பி, அங்கேயே தட்டில் பரிமாறினால் கழுவ வேண்டிய பாத்திரம் பல மடங்கு குறைகிறது. வேண்டிய அளவு மட்டும் போட்டுக்கொள்வதால் மூன்றாவது டிரம்மும் இலகுவாகிறது. விசேஷங்களுக்கு பாக்குமட்டைத் தட்டு. ஷிவமொக்காப் பக்கத்துப் பாக்குத் தோட்டங்களில் உதிரும் மட்டை, நன்றாகத்தான் இருக்கிறது. தினசரிக்கு அது கட்டுப்படியாகாது.

சோலார் என்று வந்தால் நான் பேனலுக்கு முன் வாட்டர் ஹீட்டரைச் சொல்வேன். பெங்களூரு மொட்டை மாடிகளில் இது புதிதல்ல, குளிக்க எல்லோரும் வைத்திருக்கிறார்கள். 22 டிகிரித் தண்ணீரை 97-க்கு ஏற்ற 75 டிகிரி வேண்டும். வெயில் சும்மா 55 வரை கொண்டுவந்து கொடுத்தால் அதில் 44 சதவீத வேலை முடிந்தது. அடுப்பின் சூட்டில் பாதிதான் பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 100 லிட்டருக்குச் சுமார் 600 கிராம் கேஸ் மிச்சம். தினம் 300 லிட்டர் என்றால் பத்து நாளுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அதுவும் அந்த அளவு குறையும். மழைக்காலத்தில் இவ்வளவு வராது. உள்தொட்டி எவர்சில்வராக இருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுங்கள். மற்ற மாடலென்றால் பாத்திரம் கழுவவும் இட்லிக் கொப்பரை அடியில் ஊற்றவும். உப்புப் போர்வெல் தண்ணீரை விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பொரித்த எண்ணெயைப் பற்றி ஒரே விஷயம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேரும் போலார் காம்பவுண்ட் என்ற கெட்ட பொருளின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. பயோடீசலுக்கு எடுத்துப் போகிறவர்கள் லிட்டருக்கு ஒரு விலை தருவார்கள். ராத்திரி வண்டிக் கடைக்கு வாங்குகிறவர் அதைவிடக் கூடத் தருவார். அந்த எண்ணெயில் பொரித்த போண்டாவை எங்கள் டெம்போ டிரைவரே சாப்பிடக் கூடும். பயோடீசல்காரரிடம் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் கேட்பார்.

கடைசியாக, யாரும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்க்காத ஒன்று, பில் பணம் வரும் தேதி. பங்குச் சந்தையில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் கம்பெனிகள் 2022-23 முதல் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி வைத்திருக்கிறது. அதன் வால் பிடித்து எங்களுக்கும் படிவங்கள் வருகின்றன. குப்பையை எப்படிப் பிரிக்கிறீர்கள், பெண்கள் எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு. நல்ல கேள்விகள்தான், டிரம் நோட்டு இருப்பதால் பதிலும் இருக்கிறது. ஆனால் அதே கம்பெனிகளில் சில எழுபத்தைந்து நாள் கழித்துத்தான் பணம் தரும். அந்த எழுபத்தைந்து நாள் அரிசிக்கும் சம்பளத்துக்கும் நான் கடன் வாங்க வேண்டும். சம்பளம் தள்ளிப் போனால் ஆள் போவார். ஆள் போனால் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

இதற்கும் சட்டம் உண்டு. அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனமென்றால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. வருமான வரியில் 2023-இல் வந்த விதி இன்னும் கூர்மையானது. கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, நம்மிடம் வாங்கிய கம்பெனி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த வருட ஆர்டர் வராது, அது எல்லோருக்கும் தெரியும். வரி விஷயத்தை அவர்கள் கணக்குப் பிரிவில் ஒருவருக்கு மரியாதையாக நினைவூட்டினால் வேலை நடக்கிறது. உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லின் தலையிலும் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

எழுபத்தைந்து நாள் இழுக்கும் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் மேலாளரிடம் நேரில் போய்ப் பேசினேன். "சார், பதினைந்து நாளுக்கு ஒரு பில், முப்பது நாளில் பணம். விலையில் ஒரு சதவீதம் குறைத்துத் தருகிறேன்." அவர் கால்குலேட்டரை எடுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். வெளியே நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் அந்த ஒன்றரை மாதத்துக்கு எனக்கு மூன்று சதவீதம் போகும். ஒன்றைக் கொடுத்து மூன்றைக் காப்பாற்றினேன். இன்னும் இரண்டு கம்பெனிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏப்ரலில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மறுபடி கேட்கப் போகிறேன்.